தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி: எந்தக் காலத்தது, என்ன விலை போகும்?

கேள்வி:
வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம். தாத்தா தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர். அவசரகாலத்தில் துரை அவரிடம் விட்டுப்போன 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. பிறகு லைசென்ஸ் அப்பா பெயருக்கு வந்தது. அப்பா போன மாதம் தவறிவிட்டார். கருமாதிக்கு முன்பே பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) சொல்லித் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டோம். எண்ணைச் சரிபார்க்க அவர்கள் குழலைக் கழற்றியபோது, அடியில் இருந்ததை எழுதிக்கொண்டேன்: கிரீடத்தின் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்று மூன்று முத்திரைகள்; பக்கத்தில் 2½ அங்குலம். மேலே பர்மிங்ஹாம் என்ற சொல் மட்டும் தெரிகிறது, கம்பெனி பெயர் தேய்ந்துவிட்டது. மாமா 150 வருஷத்துப் பொருள், பெரிய விலை போகும் என்கிறார். உண்மையா?

பதில் 1:
ஒப்படைத்தது மிகச் சரி. லைசென்ஸ் அப்பாவுடையது, அது வாரிசுக்குத் தானாக வராது. மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். துப்பாக்கி எண்ணை மட்டும் இங்கே போடாதீர்கள் தம்பி.

பதில் 2:
மாமா சொல்லும் வயது இருக்காது. கிரீடத்தோடு பி.வி., பி.பி., என்.பி. என்பவை பர்மிங்ஹாமில் குழல்களைச் சுட்டுச் சோதிக்கும் சாலை 1904 முதல் 1954 வரை அடித்த முத்திரைகள். 1954க்குப் பிறகு பி.என்.பி. என்று ஒரே முத்திரை வந்துவிட்டது. அறையின் (குழலில் தோட்டா உட்காரும் இடத்தின்) நீளத்தை அங்குலத்தில் அடிப்பது 1925 விதிகளோடு வந்த வழக்கம். ஆக, 1925க்கும் 1954க்கும் நடுவே சோதிக்கப்பட்டது. துரை கொடுத்த கதையோடும் இது ஒத்துப்போகிறது.

என்.பி. என்றால் புகையில்லா வெடிமருந்துக்கும் சோதித்தது என்று பொருள். கரும்மருந்துக்கு மட்டும் சோதித்த பழைய குழலைவிட இது நல்லது. ஒன்று கேட்கிறேன்: குழலில் நீர்க்கோடு மாதிரி சுழல் வரி தெரிந்ததா?

கேட்டவர்:
இல்லை அண்ணே, வழவழவென்று கறுப்பாகத்தான் இருந்தது.

பதில் 2:
அப்படியானால் இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல் போலத் தெரியவில்லை, எஃகாகத்தான் இருக்கும்.

விலைக்கு வருவோம். பர்மிங்ஹாமில் பெயர் தெரியாத சாதாரணத் துப்பாக்கிகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. கம்பெனி பெயர் தேய்ந்தது விலையைக் குறைக்கும். நம் ஊர் ஈரத்தில் குழலுக்குள் துரு குழி விழுந்திருந்தால் இன்னும் குறையும். இங்கே லைசென்ஸ் உள்ளவர்தான் வாங்க முடியும், அதனால் இங்கிலாந்து ஏலத்தில் சொல்லும் விலையை நம்பி உட்காராதீர்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வியாபாரி குழல் சுவரின் கனத்தை அளந்து பார்த்துச் சொல்வதுதான் விலை.

மாமாவோ வேறு யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். அந்த முத்திரைகள் போனால் வயதைச் சொல்லும் சாட்சியும் போய்விடும்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. தம்பி தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாமா என்கிறான். அப்பா 70 மில்லிமீட்டர் தோட்டாதான் போட்டு வந்தார். பெட்டியையும் பாலாயில் கொடுத்துவிட்டோம்.

பதில் 2:
லைசென்ஸ் கிடைத்தாலும் அந்தத் தோட்டா வேண்டாம். 70 என்பது தோட்டாவின் மடித்த வாய் சுட்டபின் விரிந்த நீளம். சுடாத தோட்டா குட்டையாக இருப்பதால் 2½ அங்குல அறையில், அதாவது 65 மில்லிமீட்டர் என்று வழங்கும் அளவில், சிக்கலில்லாமல் நுழைந்துவிடும். சுடும்போது வாய் முழுதாக விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததே பெரிய விஷயம். தம்பிக்கு 65 தோட்டாதான், அதுவும் குழலை அளந்து பார்த்த பிறகு.