கார் மெழுகுப் பேணிக்கு எவ்வகை மூடி பொருந்தும்?

கேள்வி: மெருகு நிலையத்தார், உப்புவெளி

வணக்கம். உப்புவெளியில் வாகனங்களைக் கழுவி மெருகேற்றிக் கொடுக்கும் சிறு நிலையமொன்றை நடத்தி வருகிறேன். கடைகளில் பேஸ்ட் வாக்ஸ் என்று கேட்டு வாங்கும் பசைமெழுகை, தேன்மெழுகும் கர்னோபா மெழுகும் மினரல் டேர்பன்டைனும் சேர்த்து நானே காய்ச்சத் தொடங்கி ஒரு வருடமாகிறது. வாடிக்கையாளர்கள் சிலர் வீட்டுக்கும் கேட்பதால் 200 கிராம் அளவில் அடைத்துக் கொடுக்க எண்ணியுள்ளேன். மெழுகின் பளபளப்பிலோ உழைப்பிலோ எனக்குக் குறை தெரியவில்லை. அதை அடைக்கும் பேணியில்தான் ஒவ்வொரு முறையும் தோற்றுப் போகிறேன்.

முதலில் தட்டையான தகரப் பேணிகளில் அடைத்தேன். அவற்றைத் திறக்க எல்லோரும் நாணயத்தையோ திருப்புளியையோ விளிம்பில் கொடுத்து நெம்புகிறார்கள். இரண்டு மாதத்துக்குள் நெம்பிய இடங்களிலெல்லாம் துரு பிடித்து, அது பொடியாக மெழுகின் மேல் உதிர்கிறது. அடுத்து, திருகுமூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாறினேன். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், திறக்கவே படாத டப்பாக்களில்கூட மெழுகு சுருங்கி, ஓரத்தை விட்டு விலகி, நடுவே வெடித்திருந்தது. டப்பாவின் சுவரும் உள்நோக்கிக் குழிந்திருந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது சென்ற மாதம் நடந்த ஒன்று. கறுப்பு நிறக் கார் ஒன்றின் பொனற்றில் மெழுகு பூசிக்கொண்டிருந்தபோது, ஸ்பொஞ்சின் அடியிலிருந்து மெல்லிய கரகரப்புக் கேட்டது. நிறுத்தித் துடைத்துப் பார்த்தால், ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை போன்ற வளைந்த கீறல். ஸ்பொஞ்சைத் திருப்பி விரலால் தடவியபோது ஒரேயொரு மணற்பரல் அகப்பட்டது. முதல்நாள் மூடியைத் தரையில் கவிழ்த்து வைத்திருந்தேன். அதன் உட்புறத்தில் ஒட்டிய மணல்தான், பேணியை மூடியபோது மெழுகுக்குள் இறங்கியிருக்கிறது. அந்தக் கீறலைத் தேய்த்து எடுக்க எனக்கு அரை நாள் பிடித்தது.

ஆகவே, இந்தக் கடற்கரைக் காற்றுக்கும் வெயிலுக்கும் தகரம், பிளாஸ்டிக், கண்ணாடி ஆகியவற்றில் எது பொருந்தும், மூடி எவ்வாறு அமைய வேண்டும், பேணியின் அகலமும் ஆழமும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற வாகனப் பெயிண்டர், உவர்மலை

தம்பி, துருவுக்கு உப்புக் காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. பேணித் தகரம் என்பது இரும்புத் தகட்டின் மேல் மிக மெல்லிதாக வெள்ளீயம் பூசியது. கூரைத் தகட்டில் பூசியிருக்கும் நாகம், அதாவது துத்தநாகம், கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயம் அப்படியல்ல. பூச்சில் கீறல் விழுந்துவிட்டால், அந்தக் கீறலில் தெரியும் இரும்பு வெறும் இரும்பைவிட விரைவாகவே அரிபடும். நீங்கள் நாணயத்தால் நெம்பும் ஒவ்வொரு தடவையும் துருவுக்கு வாசல் திறந்து விடுகிறீர்கள். சப்பாத்துப் பொலிஷ் பேணியின் பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி இறக்கை போன்ற சிறு திருகு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் திருப்பினால் விளிம்பில் எந்த ஆயுதமும் படாமல் மூடி எழும்பி வரும். தகரத்தில்தான் அடைப்பீர்கள் என்றால் அந்தத் திருகுள்ள பேணியைத் தேடிப் பிடியுங்கள்.

மணல் விடயத்தில் எனக்கும் அதே அனுபவம் உண்டு. வேலை செய்பவனின் ஒரு கையில் ஸ்பொஞ்ச், மறு கையில் பேணி. மூடியை எங்கே வைப்பான்? தரையில்தான் வைப்பான். கவனமாக இரு என்று எத்தனை தடவை சொன்னாலும் வேலை மும்முரத்தில் அது நடக்காது. ஆகையால் திறந்த மூடிக்குப் பேணியிலேயே ஓர் இடம் இருக்க வேண்டும். பேணியின் அடிப்புறம் வாயைப் போலவே அமைந்திருந்தால், கழற்றிய மூடியை அப்படியே அடியில் செருகிவிடலாம். அப்போது மூடியின் உட்புறம் பேணியின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி மறைந்திருக்கும், மணல் படாது. மூடும்போதும் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், நீங்கள் செய்யக்கூடிய திருத்தங்களில் இதுவே முதலாவது.

கண்ணாடி வேண்டவே வேண்டாம். மெழுகு பட்ட கையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்தால், மணற்பரலுக்குப் பதிலாகக் கண்ணாடித் துகளால் கீறுவீர்கள்.

பதில் 2: வேதியியல் ஆசிரியை, திருகோணமலை நகர்

பிளாஸ்டிக் டப்பா குழிந்ததற்கான காரணத்தை விளக்குகிறேன். மினரல் டேர்பன்டைன் பெற்றோலியத்திலிருந்து வடிப்பது, அதாவது ஐதரோகாபன். நீங்கள் பயன்படுத்திய டப்பா பொலிஎதிலீனோ பொலிபுரொப்பிலீனோ ஆக இருந்தால், அதுவும் நீண்ட ஐதரோகாபன் சங்கிலிகளால் ஆனதே. இனம் இனத்தோடு சேரும் என்பதுபோல, டேர்பன்டைனின் மூலக்கூறுகள் சுவருக்குள் கரைந்து மறுபக்கம் வழியாக வெளியேறிவிடும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இதைத் தடுக்க முடியாது. வெளியேறிய அளவுக்குக் காற்று உள்ளே வராததாலும், சுவர் ஊறி இளகிவிடுவதாலும் டப்பா குழிகிறது. கரைப்பான் குறைந்த மெழுகு சுருங்கி வெடிப்பது அதன் தொடர்ச்சிதான். தின்னரும் டேர்பன்டைனும் பெரும்பாலும் உலோகக் கலன்களில் விற்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் அச்சாகியிருக்கும். 2 என்றால் அடர்த்தி கூடிய பொலிஎதிலீன், 5 என்றால் பொலிபுரொப்பிலீன். இவ்விரண்டும் உங்களுக்கு ஆகாது. 6 என்பது பொலிஸ்ரைரீன். கண்ணாடி போலத் தெளிவாக, அழுத்தினால் நொறுங்குவதாக இருக்கும் அந்த வகையை டேர்பன்டைன் இளக்கியே விடும் என்பதால் அதை முற்றாகத் தவிருங்கள். 1 என்று குறித்த பெற் (PET) வகை டேர்பன்டைனை நன்றாகத் தடுக்கும். ஆனால் அது ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். கர்னோபா மெழுகின் உருகுநிலை 82 முதல் 86 பாகை வரை, தேன்மெழுகினது 62 முதல் 64 பாகை வரை. ஆகவே காய்ச்சிய சூட்டோடு பெற் டப்பாவில் ஊற்றினால் அது கோணிப்போகும். கலவை ஆறி, ஆனால் இறுகாமல், 60 பாகைக்குக் கீழ் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

கர்னோபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கு வறட்சி நிலத்தில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. வெயிலில் நீர் வற்றிப் போகாமல் ஓலையைக் காக்கும் அந்தப் பூச்சுதான் இங்கே காரின் மேல் பூசப்படுகிறது. பனைகள் நடுவே வாழும் நமக்கு இது வியப்பாக இருக்காது. ஆயினும் அத்தகைய மெழுகுகூட டேர்பன்டைனோடு கலந்தபின் அதன் தனி உருகுநிலைக்கு மிகக் கீழேயே இளகும் என்பதை மறக்க வேண்டாம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 பாகையை எட்டுவது அரிதல்ல. அங்கே பேணி சரிந்து கிடந்தால், இறுக்கமில்லாத மூடியின் வழியாக மெழுகு இருக்கையில் வடிந்துவிடும். மேலும், இக்கரைப்பான் ஏறத்தாழ 40 பாகையிலேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். காரில் விட்டுச் செல்ல வேண்டாம், நெருப்பருகே திறக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையைச் சிறிய எழுத்தில் அடிப்புறத்தில் இடாமல், மூடியின் மேலேயே அச்சிடுங்கள். நீங்கள் காய்ச்சும்போதும் டேர்பன்டைனை அடுப்பு அணைந்த பின்னரே சேர்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு சிறு சோதனை சொல்கிறேன். ஒவ்வொரு வகைக் கலனிலும் ஒரே அளவு மெழுகை அடைத்து, நிறுத்து எழுதி, வெயில் படும் அறையில் வைத்து, வாரம் ஒருமுறை மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எது கசிகிறது என்பதைத் தராசு சொல்லிவிடும்.

பதில் 3: தைலமும் சவர்க்காரமும் செய்பவர், கிண்ணியா

சகோதரரே, நான் வலி தைலம் காய்ச்சிச் சிறு பேணிகளில் அடைக்கிறேன். அதிலும் தேன்மெழுகு இருப்பதால் உங்கள் சிக்கலில் ஒரு பகுதி எனக்கும் பழக்கமானது. நான் கண்டவரை அலுமினியப் பேணியே நல்லது. சூட்டைத் தாங்கும், செந்துரு பிடிக்காது, ஆவியையும் விடாது. எளிதில் நெளியும் என்பது உண்மைதான், ஆனால் அகலமான திருகுமூடி போட்டால் நெம்ப வேண்டிய தேவையே வராது. மூடியின் மரையில் மெழுகு ஏறிக் காய்ந்துவிட்டால் திறப்பது பெரும்பாடு. அதனால் மரை நெருக்கமாக இல்லாமல் அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கட்டும். மெழுகையும் மரைக்கு அரை விரற்கடை கீழே நிறுத்திவிடுங்கள். மூடியின் பக்கத்தில் வரிவரியான பிடி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அதைத் திறக்கும் கை எப்போதும் வழுக்கும் கைதான்.

அகலத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் 200 கிராம் மெழுகு ஏறத்தாழ 235 மில்லிலீற்றர் இடத்தை அடைக்கும் என்று வைத்துக்கொண்டால், உள்விட்டம் 8 சென்ரிமீற்றருள்ள பேணியில் அது ஏறக்குறைய 4.7 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிற்கும். 11 சென்ரிமீற்றருள்ள பேணியில் 2.5 சென்ரிமீற்றர்தான். கடைகளில் கிடைக்கும் வட்ட ஸ்பொஞ்சு 10 சென்ரிமீற்றர் அளவில் இருப்பதால், ஒடுங்கிய பேணிக்குள் அது மடிந்துதான் இறங்கும். நடுவே குழி விழும், ஓரத்து மெழுகு அப்படியே தங்கிவிடும். எனவே 11 சென்ரிமீற்றர் அகலத்தையே எடுங்கள். சுவரும் அடியும் சேரும் மூலை செங்கோணமாக இல்லாமல் கிண்ணம்போல வளைந்திருந்தால் கடைசி மெழுகும் வீணாகாது.

ஆனால் அகலம் கூடினால், திறந்திருக்கும் வேளையில் ஆவியாகும் பரப்பும் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். அதற்கு நான் தைலத்தில் செய்வதையே செய்யலாம். பேணியின் உள்வட்டத்துக்குச் சரியாக வெட்டிய அலுமினியத் தாள் வட்டமொன்றை, மூடிக்குக் கீழே, மெழுகின் மேலேயே படியும்படி வையுங்கள். மெழுகு குறையக் குறைய அதுவும் கீழே இறங்கும். எடுக்க வசதியாக ஒரு சிறு காது விட்டு வெட்டினால் போதும்.

ஊற்றும்போது பேணியைச் சற்றே சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த சுவரில் பட்ட மெழுகு முதலில் இறுகி, நடுப்பகுதி பின்னர் குழிந்து இறங்கும். முக்கால்வாசி ஊற்றி, மேற்பரப்பு மங்கத் தொடங்கும் நேரத்தில் மீதியை ஊற்றினால் குழி நிரம்பிவிடும். உங்கள் வெடிப்புகளில் சில ஆவியாதலால் அல்லாமல் இதனாலும் வந்திருக்கலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அவர்கள் சொன்னபடி ஐந்து வாரமாக நிறுத்துப் பார்த்தேன். அடியில் 5 என்று குறித்த என் பழைய டப்பா வாரத்துக்கு வாரம் எடை குறைந்துகொண்டே வந்தது. அதே அறையில், அதே தட்டில் இருந்த அலுமினியத் திருகுமூடிப் பேணியில், என் தராசு காட்டக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. இரண்டு தடவையாக ஊற்றியதில் நடுக்குழியும் மறைந்துவிட்டது. அலுமினியத் தாள் வட்டத்தை என் உதவியாளர் முதல் நாளே கசக்கி எறிந்துவிட்டார். அதனால் சற்றுத் தடித்த தகட்டில், காதோடு, மீண்டும் வெட்டியிருக்கிறேன்.

மூடியைச் செருகும் அடிப்புறத்தோடு கூடிய அலுமினியப் பேணி எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே மூடி இறுக்கமாக நுழையும் அளவில் தடித்த றப்பர் வளையமொன்றை வெட்டி, பேணியின் அடியில் ஒட்டியிருக்கிறேன். மூடி அதில் சிக்கி நிற்கிறது, கீழே விழவில்லை. ஆனால் டேர்பன்டைன் பட்டுப் பட்டு வளையத்தின் ஓரம் ஊதத் தொடங்கியிருக்கிறது.

பதில் 4: ஓய்வுபெற்ற வாகனப் பெயிண்டர், உவர்மலை

தம்பி, இயற்கை றப்பர் எண்ணெய்க்கு ஊதும். வாகன உதிரிப்பாகக் கடையில் எரிபொருள் குழாய்க்குப் போடும் நைற்றைல் றப்பர் வளையம் கேட்டுப் பாருங்கள், அது தாங்கும். பேணியின் அடி அளவை எழுதி அனுப்புங்கள். பழைய சாமான் பெட்டியில் என்னிடம் சில வளையங்கள் இருக்கின்றன, பொருந்துவது கிடைத்தால் எடுத்து வைக்கிறேன்.