கோலாலம்பூர் – லண்டன்: தூரக் கணக்கில் 11¾ மணி, டிக்கெட்டில் 14 மணி ஏன்?

பட்டர்வொர்த் வாசி:
வணக்கம். டிசம்பரில் அம்மாவை லண்டனுக்கு அழைத்துப் போகிறோம். கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.விலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் 10,600 கி.மீ., பறக்க 11 மணி 45 நிமிடம் என்று ஒரு தளம் காட்டுகிறது. டிக்கெட்டிலோ போக 14 மணி, வர 13 மணி. இரவு 11.30க்கு ஏறினால் விடிகாலை 5.30க்கு இறங்கலாம் என்றும் போட்டிருக்கிறது. அம்மா வேளை தவறாமல் மாத்திரை போடுபவர். எந்தக் கணக்கை நம்புவது? பினாங்கிலிருந்து அன்றே விமானத்தில் வந்து ஏறலாமா?

வான்வழி:
டிக்கெட்டை நம்புங்கள். மிகக் குறுகிய தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்துத்தான் தளம் விடை சொல்கிறது. அந்தக் குறுக்குவழி டெல்லிப் பக்கம், ஆப்கானிஸ்தான், காஸ்பியனின் வடகரை, ரஷ்யா, உக்ரேன் என்று வளைந்து போகும். உக்ரேன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. அதனால் தெற்கே துருக்கிப் பக்கம் சுற்ற வேண்டும். மலேசிய விமானம் எம்.எச்.17, 2014இல் உக்ரேன் மேலே சுட்டு வீழ்த்தப்பட்டதை அறிந்த நமக்கு இந்தச் சுற்று எவ்வளவு அவசியம் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகக்காற்று வீசும். குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். பாதை 11,000 கி.மீ., எதிர்க்காற்று சராசரி 60 கி.மீ. என்று வையுங்கள். 900இல் 60 போனால் 840; பயணம் 13 மணி 6 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்: வேகம் 960, நேரம் 11 மணி 28 நிமிடம். ஒரே தூரம்தான், ஒன்றரை மணிக்கு மேல் வித்தியாசம்.

டிக்கெட் நேரம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஹீத்ரோ மேலே வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

கிள்ளான் வாசகி:
5.30 என்பது லண்டன் நேரம். டிசம்பரில் நாம் 8 மணி முன்னால் இருக்கிறோம். அப்போது இங்கே மதியம் 1.30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் 7 மணிதான்.

அம்மாவின் கைக்கடிகாரத்தை இறங்கும்வரை மாற்றாதீர்கள். மலேசிய நேரப்படி காலை 8 மணி மாத்திரை என்றால் ஏறி எட்டரை மணி நேரத்தில் வரும், விமானத்திலேயே கொடுத்துவிடலாம். லண்டனில் வேளையை எப்படி நகர்த்துவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் இருந்தால் கண்டிப்பாக. சரக்கறைக் குளிரில் உறைந்தால் பயன்படாது.

பாயான் லெப்பாஸ்:
பினாங்கு–கே.எல்.ஐ.ஏ. சுமார் 325 கி.மீ. அந்தத் தளத்தின் கணக்குப்படி 22 நிமிடம். டிக்கெட்டில் ஏறத்தாழ ஒரு மணி. மேலே ஏறி முழு வேகம் பிடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

அன்றே வரலாம், ஆனால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். பெட்டி நேரே லண்டன் போகும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏர் ஏசியாவில் வந்தால் முனையம் 2இல் இறங்கி, பெட்டியை எடுத்து, லண்டன் விமானம் புறப்படும் முனையம் 1க்கு ரயிலில் போக வேண்டும். ரயில் 3 நிமிடம்தான்; பெட்டிக்கும் நடைக்கும்தான் நேரம் ஓடும். மாலையில் இடிமழை பிடித்தாலும் தாமதம். 4 மணி இடைவெளிக்குக் குறையாமல் பாருங்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். புறப்படும் வாயில் சேட்டலைட் கட்டடத்தில் (முனையம் 1இன் தனிக் கட்டடம்) இருந்தால் நடை அதிகம்.