உர்க் கால்வாய் முதல் கொம்பியேன் காடு வரை: கிறவல் சைக்கிள், புதிதாய் வந்தவர்களுக்கு

கேட்டவர் (ஒல்னே)

பாரிசுக்குப் பக்கத்து ஒல்னேக்குப் புதிது. வீட்டுக்குக் கிட்ட உர்க் கால்வாய் போகுது. கிறவல் சைக்கிள் (மண், கல் பாதையிலும் ஓடக்கூடியது) ஒன்று வாங்கி சனி, ஞாயிறுகளில் கால்வாய்க் கரையிலும் காட்டுப் பக்கமும் ஓட விருப்பம். என்ன சைக்கிள், என்ன ரயர், எதுவரை போகலாம்? சட்டச் சிக்கல் ஏதும் இருக்கா?

செவ்ரானிலிருந்து

பாதையை முதல் சொல்லுறன், சைக்கிள் பிறகு. பாதை தெரியாமல் கடைக்குப் போனால் தேவையில்லாத சாமானுக்குத்தான் காசு போகும்.

உர்க் கால்வாய் பாரிசுக்குத் தண்ணீர் கொண்டுவர வெட்டினது. 1802இல் நெப்போலியன் காலத்து உத்தரவு. ஆற்றுப் பகுதியையும் சேர்த்தால் 108 கி.மீ. நீளம். தண்ணீர் மெல்ல இறங்கி வர வேண்டும் என்பதற்காகச் சரிவைக் குறைச்சு, மார்ன் பள்ளத்தாக்கின் ஓரத்தை ஒட்டி வளைச்சு வளைச்சு வெட்டியிருக்கிறார்கள். அதால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் றோட்டுத் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பிழைக்கும், கால்வாய்க்கரை அதைவிட நல்லாகவே கூட.

லா வில்லெட்டிலிருந்து பன்தன், பொபினி, ஒல்னே, செவ்ரான் வழியாக க்ளே-சுய்யி வரை சைக்கிள் பாதை இருக்கு. அதுக்கு கிறவல் சைக்கிள் தேவையே இல்லை, பிள்ளையின்ர சைக்கிளும் போகும். க்ளே-சுய்யி தாண்டி மோ, லிசி, க்ரூயி, லா ஃபெர்த்தே-மிலோன் பக்கம் போகப் போகத்தான் மண்ணும் கல்லும் புல்லுமாக மாறும். சில துண்டுகளில் சில்லுத் தடம் ஒன்று மட்டும்தான் தெரியும். அங்கங்கே பலகை நட்டிருப்பார்கள், நின்று வாசியுங்கோ. சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம் என்றால் அந்தத் துண்டு தடை, பக்கத்து ஊர் றோட்டால் சுற்றிப் போங்கோ.

கரையில் கவனிக்க வேண்டியவை. தூண்டில்காரரில் சிலர் பத்து மீற்றருக்கு மேல் நீளமான கார்பன் தடி வைத்திருப்பார்கள். மீனை எடுக்கும்போது அந்தத் தடியைப் பின்பக்கமாகப் பாதைக்குக் குறுக்கே தள்ளுவார்கள். தூரத்திலேயே மணி அடித்து வேகத்தைக் குறையுங்கோ. தடி முறிந்தால் நட்டம் பெரிசு. பாலங்களுக்குக் கீழே பாதை ஒடுங்கி, பதிந்து, வளையும். எதிரில் வாற ஆள் கடைசி நேரத்தில்தான் தெரிவார். தண்ணீர் ஓரத்துப் புல்லில் ஓடவே வேண்டாம். இரும்புத் தகடு அடித்த கரையில் விழுந்தால் பிடித்து ஏற இடம் கிடைக்காது.

காற்று இந்தப் பக்கம் பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்துதான். கிழக்கே போகும்போது காற்றுத் தள்ள, "நல்லா ஓடுறன்" என்று நினைத்து 50 கி.மீ. போய்விடுவீர்கள். திரும்பும்போது முழுக்க எதிர்க்காற்று. ஆகவே ஒரு வழி சைக்கிள், மறு வழி ரயில். மோ, லிசி, க்ரூயி, லா ஃபெர்த்தே-மிலோன் எல்லாம் பாரிசின் கார் து லெஸ்ற் ரயில் நிலையத்திலிருந்து போகும் P லைன் நிலையங்கள். லா ஃபெர்த்தே-மிலோன் "ஏன்" (Aisne) என்ற மாவட்டம், பாரிசைச் சுற்றின ஐல்-து-பிரான்சுக்கு வெளியே. நவிகோ பயண அட்டையை மட்டும் நம்பி அங்கே ஏறாதேங்கோ. க்ரூயி எல்லைக்கு உள்ளே.

சார்செல்லிலிருந்து

டயர் விஷயத்தை நான் சொல்றேன், ஏன்னா பாதி பேர் இங்கதான் ஏமாறுறாங்க. கார்பன் ஃபிரேம், எலக்ட்ரானிக் கியர் எல்லாம் கால்வாய்க் கரைக்கு வீண். அலுமினியம் ஃபிரேம், டிஸ்க் பிரேக், 40 மி.மீ. டயர் போட்டாலும் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் ரெண்டு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி. இதுதான் பார்க்க வேண்டியது. இடைவெளி ஏன்னா, மோ பக்கத்துக் களிமண் மழைக்குப் பிறகு டயரில் ஒட்டி, ஃபோர்க்கில் அடைச்சு, சக்கரத்தையே நிறுத்திடும். 32 மி.மீ. டயருக்கு மட்டும் இடம் இருக்கிற சைக்கிளை "கிறவல்"னு விற்பாங்க, வேண்டாம்.

காற்றழுத்தம் (பார் கணக்கில்): 75 கிலோ ஆள், 40 மி.மீ. டயர், உள்ளே டியூப் இருந்தால் முன்னாடி 2.5 பார், பின்னாடி 2.8 பார்ல ஆரம்பிங்க. டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர்னா 2.0, 2.3 போதும். பத்து கிலோ கூடக் குறைய இருந்தா 0.2 மாத்துங்க. டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது உச்ச வரம்பு. அவ்வளவு அடிச்சா கல்லுமேல துள்ளும், பிடிமானம் போகும். ரொம்பக் குறைச்சா மரவேர்ல மோதும்போது டியூப் ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். அப்படி ரெட்டை ஓட்டையைப் பார்த்தா முள்ளைத் தேடாதீங்க, காற்றைக் கூட்டுங்க.

இந்த ஊர் பஞ்சருக்கு முக்கியமா மூணு காரணம். இலையுதிர் காலத்துல வேலிச் செடியை இயந்திரத்தால் வெட்டும்போது பாதையில் சிதறுற முள். கால்வாயோர ரொபினியா மரத்து முள். அப்புறம் சிலெக்ஸ் எனும் சக்கிமுக்கிக் கல், கத்தி மாதிரி. ஈரமான ரப்பர் சுலபமா வெட்டுப்படும், அதனால் மழைக்கு மறுநாள்தான் டயர் அதிகம் கிழியும். டியூப்லெஸ்ஸில் ஒரு சக்கரத்துக்கு 60 முதல் 80 மில்லி ஓட்டை அடைக்கிற திரவம் ஊத்துங்க. மூணு நாலு மாசத்துல காய்ஞ்சு போகும், திரும்ப ஊத்தலேன்னா முள்ளை அது அடைக்காது. மாசத்துக்கு ஒருதரம்தான் ஓட்டுவீங்கன்னா டியூபே மேல், பராமரிப்பு கம்மி.

பையில்: டியூப் ரெண்டு (700 சக்கரம், 35–45 மி.மீ. டயருக்கு, பிரெஸ்டா எனும் ஒல்லி வால்வு), நெம்பி ரெண்டு, கைப்பம்பு, ஒட்டு, கிழிஞ்ச டயருக்கு உள்ளே வைக்க பழைய டயர்த் துண்டு ஒண்ணு, ஆலன் சாவிக் கட்டு, உங்க செயினுக்கு ஏத்த இணைப்புக் கண்ணி. 11 கியருக்கும் 12 கியருக்கும் கண்ணி வேற. அதோட, பின் கியர் மாட்டுற சின்ன அலுமினியத் துண்டு, "பத் து தெறையேர்"னு கடையில் கேளுங்க. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது தனி. குச்சி ஒண்ணு சிக்கினா முதல்ல வளையிறது அதுதான், கிராமத்துக் கடையில் கிடைக்காது. பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் பிரெஸ்டாவுக்குப் பொருந்தாது, சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணை வால்விலேயே மாட்டி வைங்க.

பழைய சைக்கிள் வாங்கினா: 2021 ஜனவரி 1 முதல் கடையில் விற்கிற புது சைக்கிளுக்கு அடையாள எண் கட்டாயம், அதே ஆண்டு ஜூலை 1 முதல் வியாபாரிகள் விற்கிற பழைய சைக்கிளுக்கும். எண் சுரண்டப்பட்டிருந்தா பேரமே பேசாதீங்க. தனி ஆள்கிட்ட வாங்கினா அந்த எண்ணை உங்க பேருக்கு மாத்தச் சொல்லிட்டு அப்புறம் பணம் கொடுங்க.

க்ரெய்யிலிருந்து

காடு பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. பாரிசின் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து கொம்பியேனுக்கு ரயில் இருக்கு. அதுவும் ஐல்-து-பிரான்சுக்கு வெளியே, தனி டிக்கெட். கொம்பியேன் காடு 14,000 ஹெக்டேயருக்கு மேல். சந்திகளில் வெள்ளைக் கம்பத்தில் பாதைப் பெயர்கள் எழுதியிருக்கும். கம்பத்தில் ஒரு பக்கம் சிவப்பு அடையாளம் இருக்கும், அந்தப் பக்கம் கொம்பியேன் அரண்மனை. ஃபோன் பற்றறி செத்தாலும் சிவப்பைப் பிடித்தால் நகரத்துக்கு வந்து சேரலாம். ஒன்பது பாதை கூடும் சந்தியில் இதன் அருமை தெரியும்.

தொடக்கத்துக்கு ஃபொந்தேன்புளோ வேண்டாம். பேர் பெரிசு, ஆனால் மணல். 40 மி.மீ. ரயர் புதைந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். கொம்பியேனும், லா ஃபெர்த்தே-மிலோனுக்குப் பக்கத்து ரெட்ஸ் காடும் கிறவலுக்கு நல்லது. மரம் இழுக்கும் வண்டிகள் குளிர்காலத்தில் பாதையை உழுது விடும், மே முதல் செப்டம்பர் வரை திறம்.

வேட்டைக்காலம் செப்டம்பர் நடுவில் தொடங்கி பெப்ரவரி கடைசி வரை. "ஷாஸ் ஆன் கூர்" (வேட்டை நடக்குது) என்று பலகை வைத்திருந்தால் அந்தப் பாதையை விட்டுத் திரும்புங்கோ, வாக்குவாதம் வேண்டாம். செம்மஞ்சள் மேலங்கி போடுங்கோ. அது வேறு, சட்டம் கேட்கும் ஒளிதெறிக்கும் மேலங்கி வேறு. ஊருக்கு வெளியே இரவிலும், பார்வை குறைந்த நேரத்திலும் அது கட்டாயம், இல்லையென்றால் 35 ஈரோ. காதில் ஹெட்போன் என்றால் 135 ஈரோ. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஹெல்மெற் கட்டாயம்.

உண்ணி: வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கோ. பார்மசியில் "தீர்-தீக்" என்ற சின்னக் கொளுக்கி விற்கும். அதைத் தோலோடு சேர்த்துச் செருகி, சுழற்றி எடுங்கோ. எண்ணெய், நெருப்பு ஒன்றும் வைக்காதேங்கோ. ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பெருத்தால் உடனே டொக்டரிடம் போங்கோ, லைம் நோய் ஆரம்பத்தில் பிடித்தால் மாத்திரையோடு போகும்.

கேட்டவர்

நன்றி அண்ணைமார். தண்ணீர், சாப்பாடு வழியில் கிடைக்குமா? சைக்கிளோடு RER புறநகர் ரயிலில் ஏற விடுவார்களா?

செவ்ரானிலிருந்து

தண்ணீருக்கு ஊர்ச் சேமக்காலைகளை (கல்லறைத் தோட்டங்களை) பாருங்கோ. பெரும்பாலும் குழாய் இருக்கும். "ஓ நொன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் குடிக்க ஆகாது. சாப்பாட்டுக்கு ஊர்க் கடைகளை நம்பி வெளிக்கிடாதேங்கோ. ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு பூட்டு, திங்களில் பல பாண் கடைகள் பூட்டு. க்ளே-சுய்யிக்கு முன்னமே வாங்கி வையுங்கோ.

RER B, P லைன் இரண்டிலும் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் இல்லை. கிழமை நாட்களில் காலை 6.30–9.30, பின்னேரம் 16.30–19.30 ஏற்ற முடியாது. சனி, ஞாயிறு எந்த நேரமும் சரி. மெற்றோவை மறந்துவிடுங்கோ. க்ளே-சுய்யியில் நிலையம் இல்லை, மித்ரி-க்ளே என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதேங்கோ, அது சில கிலோமீற்றர் தள்ளி. அந்தத் துண்டில் சைக்கிள் உடைந்தால் வேர்-கலானுக்குத் திரும்புவது லேசு, நிலையம் கால்வாய்க்குக் கிட்ட.

இன்னொன்று: வீட்டுக் காப்புறுதியில் "ரெஸ்போன்சபிலித்தே சிவீல்" இருக்கா என்று பாருங்கோ. பாதையில் நடக்கிற ஆளை இடித்துக் காயப்படுத்தினால் கட்டுவது அதுதான். சைக்கிள் வெளியில் களவு போனால் அந்தக் காப்புறுதி பொதுவாகக் கட்டாது, அதுக்குத் தனியாய் எடுக்க வேணும்.