பீற்றர் கிறீனின் கிற்றார் ஒலி: காந்தமா, கையா?

பரந்தன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். 1990களில் மின்கலங்கள் வன்னிக்குள் வர முடியாதிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்களில் நானும் ஒருவன். ஓரிரவு செய்திக்காகக் காத்திருந்தபோது பாடல் வரிகள் இல்லாத ஒரு கிற்றார் இசை வந்தது. அண்ணாவின் கை சோர்ந்தால் அதுவும் தாழ்ந்தது. அவர் விரைந்து சுற்றினால் மீண்டும் எழுந்தது. அது பிளீற்வூட் மக் குழுவின் 'அல்பட்ரோஸ்' என்பதும், அதை ஆக்கியவர் பீற்றர் கிறீன் என்பதும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குத் தெரிய வந்தன.

இப்போது என் மகன் லெஸ் போல் வகைக் கிற்றார் ஒன்றின் மலிவான நகலை வைத்துக்கொண்டு அவருடைய வாசிப்பைப் பழகுகிறான். அந்த ஒலி மட்டும் வருவதாயில்லை. அவருடைய கிற்றாரில் ஏதோ கோளாறு இருந்தது என்கிறார்களே, அது உண்மையா? புகழின் உச்சியில் இருந்தவர் ஏன் குழுவை விட்டு விலகினார்?

ஆறுதந்தி:
இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். கிறீன் 1946இல் இலண்டனின் பெத்னல் கிறீன் பகுதியில், கிறீன்போம் என்ற யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1966இல் கிற்றார் கலைஞர் எரிக் கிளப்டன் ஜோன் மேயோலின் புளூஸ்பிறேக்கேர்ஸ் குழுவிலிருந்து விலகியபோது, அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவர் இவர்தான். கிளப்டனைக் கடவுள் என்றே சுவர்களில் எழுதிய இலண்டன் ரசிகர்களின் முன்னால் இருபது வயதுகூட நிரம்பாத ஒருவர் போய் நிற்பதென்றால் எத்தகைய துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டே தனிக் குழு அமைத்தார். அதற்குத் தன் பெயரைச் சூட்டாமல், தாளவாத்தியக்காரர் மிக் பிளீற்வூட், பாஸ் கிற்றார் வாசித்த ஜோன் மக்வீ ஆகியோரின் பெயர்களை இணைத்துச் சூட்டினார். என் கண்ணுக்கு அவருடைய முழுக் குணமும் அந்த ஒரு செயலிலேயே தெரிகிறது.

1968இல் வெளிவந்த 'அல்பட்ரோஸ்' பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. சந்தானா 1970இல் உலகெங்கும் கொண்டுசென்ற 'பிளக் மஜிக் வுமன்' இவர் இயற்றிய பாடல்தான் என்பது இன்றும் பலருக்குத் தெரியாது. பணம் வரத் தொடங்கியதும் அது அவரை உறுத்தியது. வருமானத்தைத் தானமாகக் கொடுத்துவிடுவோம் என்று அவர் சொன்னதற்குக் குழுவினர் இணங்கவில்லை. 1970 மார்ச்சில் மியூனிக்கில் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை உட்கொண்ட பின் அவர் பழைய மனிதராக இருக்கவில்லை என்று உடனிருந்தவர்கள் கூறினார்கள். அவ்வாண்டு மே மாதம், 23 வயதில், விலகிவிட்டார். மேதைமைக்கு அவர் கொடுத்த விலை அது என்றே நான் கருதுகிறேன்.

பற்றாசு:
கோளாறு இருந்தது உண்மைதான், அண்ணா. 1959ஆம் ஆண்டுத் தயாரிப்பான அந்த லெஸ் போலில், தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் இரண்டு பிக்கப்புகளில் கழுத்துப் பக்கம் உள்ளதன் காந்தம் துருவம் மாறி இருந்தது. ஒவ்வொரு பிக்கப்பையும் தனியாக வாசித்தால் வேறுபாடு தெரியாது. சுவிச்சை நடுவில் வைத்து இரண்டையும் ஒன்றாக இயக்கும்போதுதான் இரு அலைகளும் ஒன்றையொன்று எதிர்த்து, அடித்தொனி பெருமளவு அழிந்து, மூக்கால் பேசுவது போன்ற மெல்லிய ஒலி எஞ்சும்.

மகனின் கிற்றாரிலும் இதைச் செய்யலாம். தந்திகளைத் தளர்த்தி, கழுத்துப் பக்க பிக்கப்பைக் கழற்றி, அடித்தட்டின் நான்கு திருகாணிகளை இளக்கினால், இரு சுருள்களுக்கும் கீழே சட்டம் போன்ற காந்தம் தெரியும். முதலில் அதன் நீண்ட விளிம்பு ஒன்றில் பேனையால் குறியிட்டுக்கொண்டு, வலப்பக்க விளிம்பு இடப்பக்கம் வரும்படி திருப்பிச் செருகுங்கள். சுருளின் கம்பி தலைமுடியை விட மெல்லியது. திருகாணிமுனை அதில் பட்டால் பிக்கப் போய்விடும். வயர்களை மாற்றிப் பற்றவைப்பது இலகு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஒற்றை வயரும் அதைச் சுற்றிய பின்னல் உறையும் மட்டுமே உள்ள பிக்கப்பில் அப்படிச் செய்தால் உலோக மூடி வழியாக இரைச்சல் ஏறும்.

அந்தக் கிற்றாரைக் கிறீன் பின்னர் பெல்பாஸ்ற்றைச் சேர்ந்த இளைஞர் கரி மூருக்கு நூற்றுச் சொச்சம் பவுணுக்கு விற்றார். இன்று அது மெற்றாலிக்கா குழுவின் கேர்க் ஹமெற்றிடம் இருக்கிறது.

பாலைநிழல்:
ஆறுதந்தி அவர்களின் கடைசி வரியை நான் மறுக்கிறேன். கிறீனுக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் என்று இனங்காணப்பட்டது. 1970களில் மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. அது நோய், எதற்கும் கொடுத்த விலை அன்று. மனநலப் பணியில் வன்னிக் கிராமங்களுக்குள் போய் வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒருவரைப் 'பெரிய கெட்டிக்காரன், அதுதான் மூளை குழம்பிவிட்டது' என்று ஊர் சொல்லத் தொடங்கினால், அவரைக் கிளினிக்கிற்கு அழைத்துவரப் பல மாதங்கள் பிந்திவிடுகின்றன. கிறீன் 1979இல் இசைத்தட்டு வெளியிட்டார். 1990களின் பிற்பகுதியில் ஸ்பிளின்ரர் குறூப் என்ற குழுவுடன் மீண்டும் மேடையேறினார். 2020 யூலையில் 73 வயதில் காலமானார். விலகிய பின் வாழ்ந்த அந்த ஐம்பது ஆண்டுகளும் அவருடைய வாழ்க்கைதானே?

ஆறுதந்தி:
ஏற்றுக்கொள்கிறேன், அக்கா. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது.

பரந்தன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. பற்றாசுத் தம்பி சொன்னபடி நேற்று மாலை காந்தத்தைத் திருப்பினோம். நடு நிலையில் அந்த மூக்கொலி அப்படியே வருகிறது. ஆனால் மகன் ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்த சுரத்துக்குப் பாய்ந்துவிடுகிறான். கிறீனோ சுரங்களுக்கு இடையில் எவ்வளவோ நேரம் காத்திருக்கிறார். இன்றிரவு அவனை வாசிக்க விடாமல், பதிவை மட்டும் நாலைந்து முறை கேட்கச் சொல்லியிருக்கிறேன். கைப்பேசி இருப்பதால் அண்ணாவுக்கு இம்முறை வேலை இல்லை.