நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்குமா?

கிணத்தடி:
நேற்று ஒரு யூரியூப் காணொளி பார்த்தேன். "விஞ்ஞானிகளே திகைத்து நிற்கும் அடியில்லாக் கிணறு" என்று யாழ்ப்பாணத்து நிலாவரையைக் காட்டுகிறார்கள். பின்னணியில் உடுக்குச் சத்தம் வேறு. இராமர் வானரப் படையின் தாகம் தீர்க்க அம்பு எய்த இடமாம், எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்குமாம், அடியைக் கண்டவர் எவருமில்லையாம். இதில் எது உண்மை, எது கதை? பேய், முனி அனுபவம் இருப்பவர்களும் எழுதலாம். ஆளையாள் திட்டாமல் கதைப்போம்.

சுண்ணக்கல்:
விஞ்ஞானி ஒருவரும் திகைக்கவில்லை. யாழ் குடாநாட்டுக்குக் கீழே கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் குகையாக்கும். குகையின் கூரை இடிந்து உள்ளே விழுந்தால் நிலாவரை மாதிரிப் பள்ளம் கிடைக்கும். ஊரெழுப் பொக்கணை, குரும்பசிட்டிப் பேய்க்கிணறு எல்லாம் இதே வகைதான். நிலாவரைக்கு மட்டும் அம்பு கிடைத்திருக்கிறது.

நீர்மட்டம் ஏன் சில அங்குலம் ஏறி இறங்குகிறது என்று அடுத்த கேள்வி வரும். கடல் பெருக்கும் வற்றும்தான். இலங்கையில் ஆங்கிலேய அதிகாரியாய் இருந்த எமர்சன் டெனண்ட் 1859இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நன்னீர் பாரம் குறைந்தது, உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மர்மம் வேண்டுமென்றால் இந்த 40ஐப் பாருங்கள், எனக்கு அதுதான் அதிசயம்.

ஆச்சிவளவு:
சுண்ணக்கல் தம்பி, பாடம் நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் பாடத்தில் பாதி எங்கள் ஆச்சிமாருக்கு முதலே தெரியும். எலுமிச்சம்பழக் கதை என்ன சொல்கிறது? நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது, ஓடிக் கடலோரம் போய் வெளியே வருகிறது. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுகிறதே, அதைப் பார்த்த ஒருவர் நிலாவரையையும் பார்த்து இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறார். ஆறில்லாத ஊரில் வேறு எப்படி யோசிப்பது? அம்பைத் தூக்கி எறியுங்கள், நான் தடுக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை எறிய வேண்டாம்.

சுண்ணக்கல்:
அக்கா, முடிச்சுப் போட்டது சரி. அதை அவிழ்த்துப் பார்த்தவர் யார்? பழத்தைப் போட்டவரையும் கீரிமலையில் எடுத்தவரையும் ஒன்றாகக் கண்ட ஒருவரை எனக்குக் காட்டுங்கள். எல்லோருக்கும் "மாமாவின் கூட்டாளி" ஒருவர் இருப்பார். சுண்ணாம்புக்கல் நிலத்தில் தண்ணீர் எங்கே போகிறது என்று அறிய உலகம் முழுக்கச் சாயம் கலந்து பார்க்கிறார்கள். கிணற்றுக்குக் கிணறு தொடர்பு இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கிடந்ததைக் கண்டோம்தானே. அதைத் தண்ணீரை அள்ளிச் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள், கதை கேட்டு இல்லை.

வழுக்கையாறு:
கிணறு போதும். கல்லுண்டாய் வெளியில் கொள்ளிவாய்ப் பேய் கண்டவர் என் அப்பா. இரவு அராலிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாராம். வெளிக்குள் ஒரு வெளிச்சம், ஆள் உயரத்தில், நீலமும் மஞ்சளுமாய். இவர் நின்றால் அதுவும் நிற்கும், இவர் மிதித்தால் அதுவும் நகரும். வீட்டுக்கு வந்து மூன்று நாள் காய்ச்சல். அப்பா சாராயம் தொடாத மனிதர். இதற்கு என்ன கல்லு வைத்திருக்கிறீர்கள்?

சுண்ணக்கல்:
கல்லில்லை, சூள். கடலேரியில் இறால் பிடிக்கிறவர்கள் இரவில் பந்தமோ பெற்றோல்மக்சோ பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடப்பார்கள். தூரத்து வெளிச்சம் நாம் போனால் கூடவே வருவதுபோலத்தான் தெரியும், நிலா மாதிரி. அது இல்லையென்றால் சதுப்பு நில வாயு. மீத்தேன் பற்றி எரிகிறது, முடிந்தது.

கெமிஸ்ற்றி ரீச்சர்:
முடியவில்லை. மீத்தேன் தானாகப் பற்றாது, தீ வைக்க ஒன்று வேண்டும். பொஸ்பீன் வகை வாயு கலந்தால் பற்றலாம் என்று புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் சதுப்பு நிலத்தில் அந்த வெளிச்சத்தைப் பிடித்து வைத்து இதுதான் அது என்று உறுதியாய்க் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. பேயை நம்பாதவர் ஒரு வாயுவின் பெயரைச் சொன்னதும் விளக்கம் வந்துவிட்டது என்று நினைப்பதும் ஒருவகைப் பார்வை பார்ப்பதுதான், விபூதி மட்டும் இல்லை. சூள் என்ற விளக்கம் எனக்கும் பிடித்திருக்கிறது. வழுக்கையாறு, அப்பா கண்டது மழை மாதமா, அந்த வெளியில் தண்ணீர் நின்றதா என்று கேட்டுப் பாருங்கள்.

வழுக்கையாறு:
அப்பா இல்லை ரீச்சர். அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு வேறு வேலை இல்லையா" என்றா.

நாவற்குழி:
கல்லுண்டாயை விடுங்கள். செம்மணி வெளியில் இரவில் அழுகைச் சத்தம் கேட்கும் என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். பொம்பிளைக் குரல், சில நேரம் பிள்ளைக் குரல். அதற்கு எந்த வாயு?

சுண்ணக்கல்:
அதற்கு வாயு வேண்டாம். 1998இல் ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற இலங்கைப் படைச் சிப்பாய் ஒருவர், செம்மணியில் 300, 400 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் தோண்டி 15 உடல்களை எடுத்தார்கள். 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. பிறகு நீதிமன்றக் கண்காணிப்பில் தோண்டியதில் அந்த ஆண்டுக்குள்ளேயே இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். பிள்ளைகளுடையதும் உண்டு, பக்கத்தில் ஒரு நீலப் புத்தகப்பை. இதைக் கொள்ளிவாய்ப் பேயோடு ஒரே பட்டியலில் போடாதீர்கள். நாளைக்கு அந்த உடுக்குக்காரர் கமெராவோடு செம்மணிக்கும் வருவார், நாங்களே வழி காட்டியதாகும்.

ஆச்சிவளவு:
தம்பி, 96, 97இல் நீங்கள் எங்கே இருந்தீர்களோ தெரியாது. நாங்கள் இங்கே இருந்தோம். "அந்த வெளிக்குள் ஆட்களைத் தாட்டிருக்கிறார்கள்" என்று சந்தியில் நின்று சொல்ல முடியுமா? ஆனால் "இருட்டினால் அந்தப் பக்கம் போகாதே, அங்கே ஏதோ அழுகிறது" என்று சொல்லலாம். சென்றியில் காவல் நிற்கும் ஆமிக்காரனுக்கு அது கிழவி கதை. கேட்கிற பெடியனுக்கு விஷயம் விளங்கும். நீங்கள் சொல்கிற நீதிமன்றக் கதை 98இல்தான் வந்தது. பேய்க்கதை அதற்கு முதலே சனத்தின் வாயில் இருந்தது.

சுண்ணக்கல்:
அப்போது அது காப்பாற்றியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். இப்போது? எலும்புக்கு ஆள் அடையாளம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையைத் தொலைத்த தாய் ஒருத்தி அந்தக் குழிக்கரையில் நிற்கிறாள். அவளிடம் போய் ஆவி அழுகிறது என்று சொல்வீர்களா?

ஆச்சிவளவு:
அவளுக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவள் சொல்வதைக் கேட்பேன். கனவில் வந்தான் என்று சொன்னாலும் கேட்பேன். கனவு எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்க மாட்டேன்.

கெமிஸ்ற்றி ரீச்சர்:
இரண்டு பேரும் ஒன்றைக் கேட்கவில்லை. நாவற்குழி, அந்த அழுகைக் கதை எப்போது தொடங்கியது? உங்கள் வீட்டில் பழைய ஆட்கள் இருந்தால் விசாரியுங்கள். வெளி பழைய வெளி, பக்கத்தில் மயானமும் பழையது. மயானம் இருந்தால் பேய்க்கதை எந்தக் காலத்திலும் இருக்கும். ஆனால் பிள்ளைக் குரல் எப்போது வந்து சேர்ந்தது?

நாவற்குழி:
மாமியிடம் கேட்டேன். சின்ன வயதில் அங்கே முனி நடக்கும் என்றுதான் பயப்படுத்துவார்களாம். அழுகை, பிள்ளைக் குரல் எல்லாம் 95 இடப்பெயர்வு முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் கேள்விப்பட்டவாவாம். முதலில் சொன்னது யார் என்று கேட்டேன். பக்கத்து வளவில் இருந்த ஒரு பெயர் சொன்னா, இங்கே எழுத மாட்டேன். அவர்களின் மகனைப் பிடித்துக்கொண்டு போனது 96இல்.