வால்பாறை இறக்கத்தில் பிரேக் பெடல் அமுங்கிப் போகுது, மறுபடி குடும்பத்தோடு போகும் முன் என்ன பார்க்கணும்?

கேள்வி (ஆழியாறு_ரோடு):
வணக்கம். கோவையிலிருந்து பொள்ளாச்சி வழியாக வால்பாறை, ஒரே நாளில் போய் வந்தோம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், 5 கியர் மேனுவல், 58,000 கி.மீ. ஓடியது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பெரியவர்கள் 4 பேர், 6 வயசுப் பொண்ணு. ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கும்போது பெரும்பாலும் மூன்றாவது கியர். 12/40 போர்டு (40 கொண்டை ஊசி வளைவில் 12-வது) தாண்டியதும் கருகிய வாடை, பெடல் பஞ்சு மாதிரி பாதிக்கு மேல் உள்ளே போனது. 9-வது வளைவு, லோம்ஸ் வியூ பாயின்ட்டில் ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் நிறுத்தினோம், பெடல் சரியானது. இப்போது ஊருக்குள் ஓட்டினால் குறையே தெரியவில்லை. அப்படியே விடலாமா? குழந்தை போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்தாள், அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில் 1 (ஸ்பேனர்_12):
விடவே கூடாதுங்க. ஆறினதும் சரியாவதுதான் இந்தக் குறையின் குணம். அடுத்த இறக்கத்தில் இதைவிடச் சீக்கிரம் வரும்.

பிரேக் சூடேறினால் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக நின்று வண்டி மட்டும் நிற்காவிட்டால், பேடு (டிஸ்க்கை நெருக்கிப் பிடிக்கும் கட்டை) சூடேறி வழுக்குகிறது. பெடல் பஞ்சாக உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டது. குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. நீங்கள் மிதிக்கும் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். உங்களுக்கு வந்தது இரண்டாவது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறி) ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பே 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள்?

ஆழியாறு_ரோடு:
வாங்கி 4 வருஷம். ஆயில் குறையவில்லை என்பதால் மாற்றவே இல்லை அண்ணா.

பதில் 2 (ஸ்பேனர்_12):
அளவு குறையாவிட்டாலும் ஆயில் கெடும். 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். வண்டியில் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதன்படி வாங்குங்கள். சீல் பிரிக்காத டப்பாதான் வேணும், கடையில் பாதி மிச்சமிருப்பது வேண்டாம். சின்னக் கார் முழுக்க மாற்ற ஒரு லிட்டர் தாராளம். டாட் 5 வாங்கிவிடாதீர்கள், அது சிலிக்கான், இதோடு சேராது. வண்டியின் ஆயில் டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதுசு ஊற்றினால் பிரயோஜனமில்லை. கொதிப்பது சக்கரத்துப் பக்கம் நிற்கும் பழைய ஆயில். நாலு சக்கரத்திலும் நிப்பிளை (ஆயில் வெளியேற்றும் திருகு) திறந்து, தெளிவான ஆயில் வரும்வரை விட்டு, ஏர் எடுக்கச் சொல்லுங்கள்.

கூடவே முன் பேடு நாலையும் கழற்றி அளக்கச் சொல்லுங்கள். 3 மி.மீ.க்குக் கீழே என்றால் மாற்றியாகணும். தேய்ந்த பேடு மெல்லிசு, டிஸ்க்கின் சூட்டைச் சீக்கிரம் ஆயிலுக்குக் கடத்திவிடும்.

பதில் 3 (கொண்டை_ஊசி):
ஆயில் மாற்றினாலும் மூன்றாவது கியரில் இறங்கினால் பிரேக் சூடேறத்தான் செய்யும் தம்பி. கணக்கைப் பாருங்கள்: ஆட்களோடு 1,200 கிலோ வண்டி சுமார் 800 மீட்டர் கீழே வருகிறது. அதில் வெளிவரும் சூடு, முப்பது லிட்டர், அதாவது இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதை இன்ஜின் வாங்கணும், இல்லாவிட்டால் பிரேக் வாங்கணும்.

ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். இந்தப் பாதையில் அது பெரும்பாலும் இரண்டாவது, நெருக்கமான வளைவுகளில் முதல் கியர். வளைவுக்குள் நுழைந்தபின் கியர் மாற்றாதீர்கள், 20 மீட்டர் முன்பே மாற்றி முடிங்கள். காலை பிரேக்கிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது. வேகம் ஏறினால் ஒருமுறை அழுத்திக் குறைத்து, காலை முழுசாக எடுத்துவிடணும். எடுத்த நேரத்தில்தான் டிஸ்க்குக்குக் காற்று படும்.

எதிரே ஏறிவரும் வண்டிக்கு, அதுவும் பஸ்ஸுக்கு, இறங்குகிறவர்தான் வழிவிடணும். பஸ் திரும்ப வளைவு முழுக்க வேணும், மேலேயே ஒதுங்கி நில்லுங்கள்.

ஆழியாறு_ரோடு:
இரண்டாவது கியரில் இன்ஜின் கத்துகிறதே, கெடாதா? பெட்ரோலும் அதிகம் குடிக்குமே?

பதில் 4 (கொண்டை_ஊசி):
3,000, 3,500 ஆர்பிஎம் அந்த இன்ஜினுக்கு ஒன்றுமே இல்லை. சிவப்புக் கோட்டுக்கு ரொம்பக் கீழே. கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் தானாக ஓட பெட்ரோல் செலவாகும். நியூட்ரல் போட்டு இன்ஜினையும் அணைத்து இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், உயிருக்கே உலை. பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமுள்ள வாக்கம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் இறுகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது.

மறுபடி பெடல் அமுங்கினால்: வேகவேகமாகப் பலமுறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச் சுவர்ப் பக்கம் ஒதுக்குங்கள். நின்றதும் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிப்போகும்.

பதில் 5 (வரையாடு):
குழந்தைக்கு: காலையில் இரண்டு இட்லி போதும், பூரி, வடை, பால் வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. பின்சீட்டு நடுவில், பெல்ட்டோடு, முன் கண்ணாடி வழியே ரோடு தெரிகிற உயரத்தில் உட்காரவைங்கள். போனைக் கையில் கொடுக்கவே கூடாது. கண் அசையாத திரையைப் பார்க்க, காது ஆட்டத்தைச் சொல்ல, அந்தக் குழப்பம்தான் குமட்டல். ஏர் ஃப்ரெஷ்னரைக் கழற்றிவிடுங்கள். மாத்திரை தேவையென்றால் குழந்தை டாக்டரிடம் எடைக்கேற்ற அளவு கேட்டு, மலை ஏறும் முன்பே கொடுங்கள். வாந்தி வந்தபின் கொடுத்தால் தங்காது. ஓட்டுகிறவர் அதைப் போடக்கூடாது, தூக்கம் வரும்.

பாதி வாந்தி ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. வளைவில் திடீர் பிரேக், வெளியே வந்ததும் திடீர் ஆக்ஸிலேட்டர், அது இல்லாமல் ஓட்டினாலே குறையும்.

வால்பாறைக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வேணும், ஆழியாறு செக்போஸ்ட்டில் பார்ப்பார்கள். முந்தின நாளே பதிந்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்து 65 கி.மீ.தான், ஆனாலும் இரண்டரை மணி நேரம் வையுங்கள். விடிந்ததும் ஆழியாறு தாண்டினால், ஒன்பதாவது வளைவுப் பாறைகளில் வரையாடு நிற்பதைப் பார்க்கலாம். ஒன்றும் தின்னக் கொடுக்காதீர்கள். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு ரோட்டுக்கே வரும், அங்கே 20-க்கு மேல் போகாதீர்கள். மதியம் 3 மணிக்கு இறங்கத் தொடங்கணும். கவர்க்கல் பக்கம் சாயங்காலம் பனி மூடினால் பத்தடி தெரியாது.

ஆழியாறு_ரோடு:
ஆயில் மாற்றியாச்சு, பழையது காப்பி நிறத்தில் வந்தது. பேடு வலது பக்கம் இரண்டும் 6 மி.மீ., இடது முன்சக்கரத்தில் உள்பக்கப் பேடு 3, வெளிப்பக்கம் 6. ஊருக்குள் 10 கி.மீ. ஓட்டியபின் இடது சக்கரம் மட்டும் அதிகச் சூடு.

பதில் 6 (ஸ்பேனர்_12):
மூல காரணம் அதுதான். பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் ஸ்லைடு பின் (கம்பி) இறுகிப்போயிருக்கிறது. அழுத்தத்தை உள்பக்கப் பேடு மட்டும் வாங்குகிறது, காலை எடுத்தாலும் உரசிக்கொண்டே இருக்கும். முன்பக்கத்தை ஜாக்கி வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள், இடது இழுக்கும்.

அந்த ஸ்லைடு பின்கள் இரண்டையும் கழற்றி, துரு எடுத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவணும். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் பூட் (பின்னை மூடும் உறை) ஊதி மறுபடி இறுகும். பூட் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கேலிப்பர் பிஸ்டன் தள்ளினால் சிக்காமல் உள்ளே போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், போகாவிட்டால் கேலிப்பர் கிட் போடணும். பேடு ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், முன்பக்கம் நாலும் சேர்த்துத்தான். புதுப் பேடு படிய 200, 300 கி.மீ. சமதளத்தில் ஓட்டியபின் மலைக்குப் போங்கள். இறங்கும்போது அட்டகட்டியில் நிறுத்தி, நாலு சக்கரத்துப் பக்கமும் புறங்கையைத் தொடாமல் காட்டிப் பாருங்கள். முன்னிரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் தாராளமாக இறங்கலாம்.