உளவரலாறு வேண்டாம், திரள்கணியம் எப்படி?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ அறிவியல் புனைகதைகளில் ‘சைக்கோஹிஸ்டரி’ என்று ஒரு கற்பனைத் துறை வருகிறது; மனிதக் கூட்டத்தின் எதிர்காலத்தைக் கணிக்கும் கணிதம் அது. அதற்குத் தமிழில் உளவரலாறு என்று நம் உரையாடலில் ஐயா ஒருவர் முன்மொழிந்தபோது நானும் தலையாட்டியவன்தான். அந்தக் கதைகளை வைத்து எடுத்த ‘ஃபவுண்டேஷன்’ தொலைக்காட்சித் தொடரை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கும்வரை அந்தச் சொல்லில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. காட்சியை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிவந்தேன். முதல் பகுதியில், இந்தத் துறையை உருவாக்கிய கணித அறிஞர் ஹாரி செல்டன் விசாரணைக் கூடத்தில் நின்று, பேரரசு விழப்போகிறது என்கிறார். உளவரலாறு என்ற கணக்கால் அது தெரியும் என்று விளக்கினேன். அம்மா உடனே கேட்டார்: “யாருடைய உளம்? அரசனுடையதா?”

அந்த ஒரு கேள்வியில் சொல் விழுந்துவிட்டது. செல்டனின் கணிதத்துக்குத் தனி ஒருவருடைய உளம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இந்த வரிசையின் முதல் கதை 1942-இல் வெளிவந்தது. அசிமோவ் வேதியியல் படித்தவர். ஒரு வளிம மூலக்கூறு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்தால் அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். அந்தக் கணக்கைத்தான் அவர் மனிதக் கூட்டத்துக்கு நீட்டினார். நாவலில் வரும் வரையறையும் இதைக் கணிதத்தின் கிளை என்றே சொல்கிறது. கூட்டம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும், கணிப்பின் முடிவு அந்தக் கூட்டத்துக்குத் தெரியக் கூடாது என இரண்டு நிபந்தனைகள். தலைவர்களின் மனத்தையும் குழந்தைப் பருவத்தையும் ஆராய்ந்து வரலாறு எழுதும் துறை ஒன்று இதே ஆங்கிலப் பெயரில் உண்மையிலேயே இருக்கிறது. உளவரலாற்றை அதற்கே விட்டுவிடலாம்.

ஆகவே சொல்லின் முன்பாதிக்குத் திரள். அம்மாவிடம் மறுபடி விளக்கப்போனபோது தானாக வாயில் வந்த சொல் இது. தயிர் கடையும்போது எந்தத் துளி எப்போது வெண்ணெயாகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் வெண்ணெய் எப்போது திரளும் என்று மத்துப் பிடித்த கைக்குத் தெரியும் என்றேன். “அப்படிச் சொல்” என்றார்.

பின்பாதிக்கு நண்பர் ஒருவர் தந்த ‘ஆரூடவியல்’ எனக்கு உடன்பாடில்லை. தொடரே அந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. நாவலில் இளம் கணித வல்லுநனாக வரும் கேல் டார்னிக், தொடரில் பெண். வருவதை முன்கூட்டியே உணரும் ஆற்றலும் அவளுக்கு உண்டு. ஒரே அரசன் படியெடுக்கப்பட்டு விடியல், பகல், அந்தி என மூன்று பருவங்களில் ஆளும் கற்பனையும் நாவலில் இல்லாததுதான், ஆனால் அது அருமையாக வந்திருக்கிறது. கேலின் முன்னுணர்வை அப்படி என்னால் ஏற்க முடியவில்லை. அதுவும் செல்டனின் கணக்கும் ஒன்றுதான் என்று ஒருவர் நினைக்க நம் சொல் இடம் தரக் கூடாது.

கணியம் என்பது என் முன்மொழிவு. கணியன் என்றால் சோதிடன் அல்லவா என்று நம் உரையாடலில் அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பொருளும் உண்டு, ஆனால் காலத்தைக் கணக்கிடுபவன் என்பதிலிருந்து வந்தது அது. வேங்கை மரத்துக்கே கணி என்று பெயர் உண்டு; அது பூப்பதைப் பார்த்துத்தான் தினை முற்றும் காலத்தைக் குறித்தார்கள். கணித்தல், கணிதம், கணினி எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. திரள்கணியம், திரள்கணியர், திரள்கணிய விதி: மூன்றையும் உரக்கச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை.

இன்னொன்றும் உண்டு. செல்டனின் திட்டத்தை ‘மியூல்’ என்னும் ஒற்றை ஆள் குலைத்துவிடுகிறான். திரளுக்குத்தான் கணக்கு, தனியனுக்கு இல்லை. திரள்கணியம் என்று படித்துவந்தவருக்கு அந்த இடம் வரும்போது அடிக்குறிப்பே தேவைப்படாது.

சமன்பாடுகள் ஒளியாக விரியும் ‘பிரைம் ரேடியன்ட்’டுக்கு மூலச்சுடர் என்று குறித்து வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவியைத் திரையில் பார்த்த பின் ‘சுடர்’ சரியென்றே படுகிறது. ‘மூல’த்தில்தான் எனக்கு ஐயம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.